ஓர இருக்கை

பாட்டு நின்றது. மிருதங்கம் மட்டும் தொடர்ந்தது.

அரங்கு எழுந்துகொண்டது.

முதலில் பின்வரிசை. பிறகு நடுவரிசை. பட்டுப்புடவைகள், ஜரிகை வேட்டிகள், கைப்பைகள். எல்லாம் கேன்டீன் பக்கம்.

அவர் எழவில்லை.

நான்காம் வரிசை, ஓர இருக்கை. மேடையில் கடத்தோடு உட்கார்ந்திருந்தவளுக்கு நேர் எதிரே. அதற்காகவே ஒரு மணி நேரம் முன்னால் வந்து பிடித்த இடம். இதுவரை முன்வரிசைத் தலைகள் அவரை மறைத்திருந்தன. இப்போது அவையும் போய்விட்டன.

கடம் வாசிக்கிறவள் அவருடைய மகள், தேன்மொழி. அப்பா வந்திருப்பது அவளுக்குத் தெரியாது. இன்றைக்குக் கச்சேரி என்று அவளும் சொல்லவில்லை. பேப்பரில் பொடி எழுத்தில் பார்த்துவிட்டு, கடையை மூடிவிட்டு வந்திருந்தார்.

அவள் சொல்லாததற்குக் காரணம் உண்டு.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுடைய முதல் பெரிய கச்சேரி. மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவருக்கு சபாவைப் பற்றி என்ன தெரியும்? தன்னால் மகளுக்குத் தலைகுனிவு வந்துவிடக் கூடாது, அது ஒன்றுதான் பயம். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினால் தட்டினார். தலையாட்டினால் ஆட்டினார்.

அவர்கள் எழுந்தபோது எழுந்தார்.

சினிமாவில் விடுகிற மாதிரி இடைவேளை என்று நினைத்தார். வரிசையில் நின்று காபி வாங்கி, நிதானமாக ஆற்றிக் குடித்துவிட்டுத் திரும்பியபோது மறுபடியும் பாட்டு நடந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மகள் ஒன்றும் பேசவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டார். நினைக்க எவ்வளவு வசதி.

அந்தக் கால் மணி நேரத்துக்குத் தனி ஆவர்த்தனம் என்று பெயர். பாடகர் ஒதுங்கிக்கொண்டு மிருதங்கத்துக்கும் கடத்துக்கும் மேடையை விட்டுக்கொடுக்கும் நேரம். இரண்டரை மணி நேரக் கச்சேரியில் மகளுக்கென்று இருந்தது அவ்வளவுதான். அதில்தான் ஜனங்கள் காபிக்குப் போவார்கள் என்று கடைக்கு வந்த ஒருவர் பேச்சுவாக்கில் சொன்னார். அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

பெற்ற மகளிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது? தெரியவில்லை.

செல்போனில் கச்சேரியைப் போட்டுவிட்டுச் செம்புக் கம்பி சுற்ற ஆரம்பித்தார். முதல் மாதம் எல்லாப் பாட்டும் ஒரே பாட்டாகத்தான் இருந்தது. நான்காம் மாதம், எட்டு எண்ணினால் தாளம் திரும்பவும் முதலுக்கு வருவது பிடிபட்டது. கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தார். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

மிருதங்கம் முடித்து, கடத்துக்கு விட்டது.

அவர் தொடையில் கையை வைத்து எண்ணத் தயாரானார்.

தேன்மொழி குனிந்து கடத்தை மடியில் சரிசெய்துகொண்டாள்.

அதே வரிசையில் அதுவரை அசையாமல் இருந்த ஒரு பெரியவர், என்ன தோன்றியதோ, அப்போது எழுந்தார். பெரிய சரீரம்.

"சார், கொஞ்சம் வழி விடுங்கோ."

அவர் உட்கார்ந்தபடியே காலை மடக்கினார். போதவில்லை. முழங்காலைத் திருப்பினார். போதவில்லை.

எழுந்து நின்றார்.

மகள் நிமிர்ந்தாள்.

போகிறவர்களோடு நின்றுகொண்டிருந்த அப்பாவைப் பார்த்தாள். இரண்டு விநாடி இருக்கும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள்.

அவர் உட்கார்ந்தார். உட்கார்ந்ததை யார் பார்த்தார்கள்?

என்னமாய் வாசித்தாள். ஓர் இடத்தில் கையை நிறுத்தினாள். தன் எண்ணிக்கைதான் பிசகிவிட்டது என்று பதறினார். பிசகவில்லை. எட்டும் முடிந்து, முதல் தட்டில் சரியாக வந்து விழுந்தாள்.

தொடை சிவக்கத் தாளம் போட்டார். இங்கேதான் இருக்கிறேன் என்று கத்திவிடலாமா என்று இருந்தது. சபாவில் கத்தக் கூடாது என்பதும் இப்போது தெரிந்திருந்தது.

அவள் கண்ணைத் திறக்கவே இல்லை.

திறந்தபோது கூட்டம் வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பியிருந்தது.

கச்சேரி முடிந்ததும் மேடை ஓரம் போய் நின்றார். அவள் கடத்தைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"வாங்கப்பா," என்றாள். கை சுற்றிக்கொண்டே இருந்தது.

அவர் இன்னும் ஓர் அடி நெருங்கினார்.

"நடுவுல ஒரு எடத்துல கைய நிறுத்துனியேம்மா. அப்புறம் எட்டு முடிஞ்சு, மொத தட்டுல டக்குனு வந்து உக்காந்துச்சு பாரு."

துணியைச் சுற்றிய கை நின்றது. அவரை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை அவர் மூன்று வருடமாகப் பார்க்கவில்லை.

"கேன்டீன் ஸ்பீக்கர்ல அவ்வளவு தெளிவாவாப்பா கேக்குது?"

இல்லை, உள்ளேதான் இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தார்.

அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாக் கேட்டுச்சும்மா," என்றார்.