லீக்ஸ் பாத்தி

“டேய் கஜீவன், நீ புடுங்கி எறிஞ்சது புல்லில்லையடா. லீக்ஸ்!”

கூடப் பயிலும் டினோஜன் கத்தியபோது பாத்தி ஏறக்குறையத் துப்புரவாகிவிட்டிருந்தது. போன கிழமை எல்லாருமாகக் குனிந்து, முதுகு நோக நட்ட நாற்றுகள் கஜீவனின் காலடியில் குவியலாகக் கிடந்தன.

“பாக்கப் புல்லு மாதிரித்தானே இருந்தது?”

“புல்லை ஆரடா வரிசையா நடுவான்?”

நியாயமான கேள்வி. கஜீவன் ஒரு நாற்றை எடுத்து மணந்து பார்த்தான்; வெங்காயத்தாள் போலத்தான் மணத்தது.

வேலையில்லாத இளைஞர்களை விவசாயிகளாக்கி, அப்படியே மொன்றியல் நகரின் பசியையும் போக்கிவிடுவது என்று, அந்த நகரின் அஹுன்ட்சிக் பகுதியில் ஆற்றுக்குக் கிட்டத் தொடங்கிய பயிற்சி அது. இதுவரை கஜீவன் விளைவித்ததில் பசியாறியவை இரண்டு அணில்கள். அவன் படித்தது மார்க்கெட்டிங். தன்னையே விற்கத் தெரியாமல் ஒன்றரை வருடம் வீட்டில் இருந்துவிட்டு இங்கே வந்தவன். தக்காளிக்குத் தண்ணீர் விடச் சொன்னால், அது நீந்தப் பழகும்வரை விட்டான். முள்ளங்கி முளைத்துவிட்டதா என்று தினமும் காலையில் விதையைத் தோண்டிப் பார்த்தான். கடைசியில் விதைக்கே அலுத்துவிட்டது.

ஆனாலும் அவனுக்கு இந்த மண் பிடித்துப்போயிருந்தது. விடிந்தால் போவதற்கு ஓர் இடம் இருக்கிறது என்பதே அவனைப் பொறுத்தவரை பெரிய விளைச்சல்.

போன் அடித்தது. ஆற்றுக்கு அக்கரையில், லவாலில் டெப்பனர் என்கிற பெட்டிக்கடை வைத்திருக்கும் பேரின்பநாதன் மாமா.

“கஜீவன், கடையிலை காசு வாங்கிப்போட ஒரு ஆள் வேணும். சிகரெட்டும் பாலும் விக்கிறதுக்குப் பெரிய கைராசி ஒண்டும் தேவையில்லை. மத்தியானத்துக்கிடையிலை முடிவைச் சொல்லு, இல்லாட்டி வேறை ஆளைப் போடப்போறன். உந்தப் புல்லுப் புடுங்கிற வேலையாலை சோறு வருமே?”

“இண்டைக்குப் புல்லும் புடுங்கேல்லை மாமா,” என்று சொல்லிப் போனை வைத்தான்.

அதற்குள் பயிற்சி கொடுக்கும் ஜெயனி அக்கா வந்துவிட்டார். பாத்தியைப் பார்த்தார். கண்ணை ஒருமுறை மூடித் திறந்தார்.

“பரவாயில்லைத் தம்பி. மண் நல்லாக் கிளறுப்பட்டிருக்கு. காலமை சாப்பிட்டனீரோ?”

டினோஜனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “நான் ஒருநாள் பிந்தி வந்ததுக்கு என்ன பேச்சுப் பேசினவ! இவன் ஒரு பாத்தியையே கொலை செய்துபோட்டு நிக்கிறான், சாப்பிட்டனீரோவாம்!” என்று முணுமுணுத்தபடி, நாற்றுகளை அள்ளிக்கொண்டு தண்ணீர்ப் பைப்பை நோக்கி ஓடினான்.

அவன் எரிச்சலிலும் ஒரு நியாயம் இருந்தது. கஜீவனை மட்டும் அக்கா மெட்ரோ வாசலில் நின்று காரில் ஏற்றிவருவார். அவனுக்கென்று ரொட்டியும் சம்பலும் கட்டிவருவார். தடிமன், இருமல் என்று அவன் வராமல் இருந்தபோது, போத்தலில் மல்லித்தண்ணியோடு வீட்டுக்கே வந்துவிட்டார். தன்னிடம் ஏதோ திறமை ஒளிந்திருக்கிறது, அது அக்காவின் கண்ணுக்குத் தெரிந்துவிட்டது என்று கஜீவன் நம்பினான். மிக நன்றாக ஒளிந்திருந்தபடியால் அவனுக்குத்தான் அது இன்னும் தெரியவில்லை.

“அக்கா, ஒண்டு கேக்கட்டே? எனக்குத் தோட்டம் சரிவருமோ?”

“உமக்கு நல்ல ஆர்வம் இருக்கு.”

“ஆர்வத்தைக் கேக்கேல்லை.”

“இந்த வருசம் குளிரும் கொஞ்சம் கூடத்தானே...”

“குளிர் வந்து லீக்ஸைப் புடுங்கேல்லை அக்கா, நான்தான் புடுங்கினனான். மாமா கடைக்குக் கூப்பிடுறார். மத்தியானத்துக்கிடையிலை பதில் சொல்லவேணும். நீங்கள் சரிவரும் எண்டு ஒரு சொல்லுச் சொன்னாக் காணும், கடையும் வேண்டாம் ஒண்டும் வேண்டாம் எண்டு இஞ்சையே நிண்டிடுவன். ஆனால் சுத்தி வளைக்காமல் சொல்லுங்கோ.”

ஜெயனி அக்கா ஆற்றுப் பக்கம் பார்த்தார். அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு வெறும் பாத்தியைப் பார்த்தார்.

“சரிவராது தம்பி. இருவது வருசம் நிண்டாலும் சரிவராது. மாமாட்டைப் போம்.”

கஜீவன் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டினான். “அப்ப... அந்தக் கார், ரொட்டி, மல்லித்தண்ணி எல்லாம் ஏன்?”

“எட்டுப் பேர் இருந்தாத்தான் இந்தப் பயிற்சியை நடத்த விடுவினம். நீர்தான் எட்டாவது ஆள்,” என்றார் அக்கா. “ரெண்டு வருசம் தேடிக் கிடைச்ச வேலை தம்பி இது. நீர் போனா, நாளையிலையிருந்து வேலையில்லாத ஆள் நான்.”