மௌனத்துக்குப் பத்து மதிப்பெண்

"சார், போன வாரம் மாதிரி வானிலை அறிக்கை வாசிச்சிடாதீங்க" என்றார் உடன் பயிற்சி பெறும் கணக்கு டீச்சர், மதிப்பெண் தாளை மடியில் விரித்துக்கொண்டு.

தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் சிரிக்கவில்லை. மேஜைமேல் இருந்த தொலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தக் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில், தலைமையாசிரியர் ஆகப்போகிறவர்கள் பழகுவதற்கென்றே ஓர் அறை இருந்தது. பெரிய மேஜை, சுழல்நாற்காலி, சுவரில் சிலுவை, எதிரே வெள்ளைப் பலகை. எல்லாம் இருந்தது. பள்ளிக்கூடம் மட்டும்தான் இல்லை.

இன்றைய பயிற்சிக்கு எல்லோருமே பயந்தார்கள். பள்ளியில் ஒரு பிள்ளை இறந்துவிட்டது. வெளியூரில் இருக்கும் தாய்க்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். தாயாகப் பேசுவது, மாடியறையில் இருக்கும் பேராசிரியை சிஸ்டர்.

சிஸ்டர் நடிப்பில் கெட்டிக்காரர். குடித்துவிட்டுச் சண்டைக்கு வரும் தகப்பனாகப் பேசி, ஓர் ஆசிரியரை நிஜமாகவே அழவைத்தவர். குரலை வைத்து அவரை அடையாளம் காண முடியாது.

போன வாரம், இப்போது நாற்காலியில் இருப்பவர் 'இறந்துட்டான்' என்ற வார்த்தையை எப்படியோ சொல்லிவிட்டார். எதிர்முனையில் சத்தமே இல்லை. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் மழை வரும்போல இருக்கிறது, பஸ் கிடைக்கும், குடை எடுத்துக்கொள்ளுங்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார்.

சிஸ்டர் மதிப்பெண் தாளில் முட்டை போட்டுவிட்டார்.

"பிள்ளையை இழந்து நிக்கறவங்ககிட்ட மழையைப் பத்திப் பேசறீங்களே சார்."

இன்றும் கோட்டைவிட்டால் சான்றிதழ் இல்லை. சான்றிதழ் இல்லையென்றால், அடுத்த கல்வியாண்டில் அவருக்கென்று வைத்திருக்கும் பள்ளி வேறொருவர் கைக்குப் போய்விடும்.

விதிகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பேசுவது யாரென்று முதலில் கேள். சுற்றி வளைக்காதே. 'போயிட்டான்' என்று சொல்லாதே, எங்கே போனான் என்று கேட்பார்கள். சொன்ன பிறகு வாயைத் திறக்காதே.

பெயர் மட்டும் வேண்டாம் என்பது சிஸ்டர் தானாகச் சேர்த்த விதி. எங்கோ ஓடி விளையாடிக்கொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் பெயராக அது இருந்துவிடக்கூடாதாம்.

மாடியறைத் தொலைபேசி பழுது. அதனால் சிஸ்டர் தன் கைபேசி எண்ணைப் பலகையில் எழுதிவிட்டுப் போயிருந்தார். காலையிலிருந்து வந்துபோனவர்களின் தோள்பட்டு எண்கள் கொஞ்சம் மங்கியிருந்தன. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினார்.

ஸ்பீக்கரில் மணி போனது. எடுத்தார்கள். பின்னணியில் தண்ணீர்க் குழாய் ஓடும் சத்தம்.

குழாயைக்கூடத் திறந்துவிட்டிருக்கிறாரே என்று கணக்கு டீச்சர் புருவத்தை உயர்த்தினார்.

"பையனோட அம்மாதானே பேசறீங்க? ஸ்கூல்லேர்ந்து ஹெட்மாஸ்டர் பேசறேன்."

"ஆமா சார், சொல்லுங்க. என்ன சேட்டை பண்ணித் தொலைச்சான்?"

குரலில் பாதி சிரிப்பு. 

"தாங்க முடியாத ஒரு விஷயம் சொல்லப்போறேன்மா. உங்க பையன் இன்னைக்கு மதியம் இறந்துட்டான்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

தண்ணீர் ஓடியது.

மழை அவருடைய நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார். பஸ் வந்தது. அதையும் விழுங்கினார்.

மௌனம் என்றால் ஒன்றும் இல்லாத இடம் என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். அதற்குள் ஓர் ஆள் நிற்பது இன்றுதான் தெரிந்தது. அந்த ஆளோடு, ஒன்றும் பேசாமல், அவரும் நின்றார்.

கணக்கு டீச்சர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

பிறகு அந்தக் குரல் வந்தது. சிரிப்பு முழுக்க வடிந்துபோயிருந்தது.

"எந்தப் பையன் சார்? பெரியவனா, சின்னவனா?"

அவர் திடுக்கிட்டார். பயிற்சிக்கென்று கொடுத்த விவர அட்டையில் ஒரே மகன் என்றுதான் இருந்தது. டீச்சரைப் பார்த்தார், டீச்சர் உதட்டைப் பிதுக்கினார். சிஸ்டர் ஆழம் பார்க்கிறார். தடுமாறினால் மதிப்பெண் போய்விடும்.

"சின்னவன்மா."

ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது. கால்கள் ஓடின. ஒரு கதவு சுவரில் மோதித் திரும்பியது. அப்புறம் குழாய்ச் சத்தம் மட்டும்.

"யப்பா! சிஸ்டர் சினிமாவுக்கே போயிருக்கலாம்" என்று டீச்சர் கண்களைத் துடைத்துக்கொண்டார். தாளில், மௌனம் என்ற இடத்துக்கு எதிரே, பத்துக்குப் பத்து போட்டார்.

ஹெட்மாஸ்டராகப் பேசியவருக்கு உள்ளே ஏதோ இறங்கி அமர்ந்ததுபோல் இருந்தது. இனிமேல் தன்னால் முடியும். அந்த நாற்காலியில் முதல் தடவையாக நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

கதவு திறந்தது.

மாடிப்படி இறங்கிவந்த மூச்சிரைப்போடு சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். கையில் கைபேசி.

"என்ன சார், அவ்வளவு பயமா? நான் எவ்வளவு நேரம்தான் போனையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறது? இன்னும் கூப்பிடவே இல்லையே?"

அவர் நாற்காலியிலிருந்து நிமிர்ந்தார்.

கணக்கு டீச்சரின் பார்வை மெல்லப் பலகைக்குப் போனது. ஒன்றா ஏழா என்று தெரியாமல் மங்கியிருந்த கடைசி இலக்கத்தில் நின்றது.

நாற்காலியில் இருந்தவர் தொலைபேசியின் மேல் பாய்ந்தார்.

"அம்மா! அம்மா, லைன்ல இருக்கீங்களா? அம்மா!"

ஸ்பீக்கரில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. குழாயை மூட அங்கே யாரும் இல்லை.