பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பெட்டி?

"இது உங்களுக்குச் சரிப்படாதும்மா" என்றார் ஸ்பீக்கர் கடைச் சிப்பந்தி பஞ்சநதம்.

ஜெயபாரதி தோளில் மாட்டியிருந்த பேஸ் கிட்டாரை இன்னும் இறக்கக்கூட இல்லை.

"ஏன் சரிப்படாது?"

"பதினஞ்சு இஞ்ச் ஸ்பீக்கரும்மா. சிங்கப்பூர் சரக்கு. பொம்பளைக்கு எதுக்கு இந்தப் பெட்டி? அதோ, மூலைல திருச்சில செஞ்ச சின்னப் பெட்டி ஒண்ணு கிடக்கு பாருங்க. உங்க கைக்கு அது போதும்."

சுருக்கென்றது அவளுக்கு. ஆறு மாதமாக இதே பேச்சைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

திருக்காட்டுப்பள்ளி மெல்லிசைக் குழுவில் பேஸ் வாசித்த சைபுல்லா துபாய்க்குப் போய்விட்டார். கோரஸ் பாடிக்கொண்டிருந்த ஜெயபாரதி அவர் விட்டுப்போன கிட்டாரை எடுத்து, விரல் கொப்பளிக்கக் கொப்பளிக்கப் பழகினாள். 'பொண்ணு பேஸ் வாசிச்சா கல்யாண வீட்ல சிரிப்பாங்க' என்று குழுவிலேயே இரண்டு பேர் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை குத்தாலத்தில் அவளுடைய முதல் கச்சேரி. குழுவின் பழைய பெட்டியில் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது. அதனால்தான் தஞ்சாவூர் வந்திருந்தாள்.

"எனக்கு எது வேணும்னு எனக்குத் தெரியும். தவிலோட இடது பக்கம், தொப்பில விழற அடி மாதிரி உருண்டு வரணும். நெஞ்சுல வந்து நிக்கணும். சிங்கப்பூர் பெட்டியைப் போடுங்க."

"தூக்கவே முடியாதும்மா உங்களால. வீட்ல கேசட் கேக்கறதுக்குன்னா சொல்லுங்க, நல்லதா ஒண்ணு தரேன்."

கடையில் நின்றிருந்த இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள்.

"முதலாளி யாருங்க இங்க?" ஜெயபாரதியின் குரல் தெருவரைக்கும் கேட்டது.

பஞ்சநதத்தின் பின்னாலேயே நின்றிருந்த முதலாளி முன்னால் வந்தார். "சொல்லுங்க மேடம்."

"கடைக்கு வந்தவங்ககிட்ட இப்படித்தான் பேசுவாங்களா? இவர் என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"மன்னிப்பு என்ன மேடம்! பெண்களை மதிக்கத் தெரியாத ஆளு என் கடைக்கே வேண்டாம். யோவ் பஞ்சநதம், நாளைலேருந்து வராதே."

பஞ்சநதம் ஆணியில் மாட்டியிருந்த பையை எடுத்துக்கொண்டு படியிறங்கினார்.

மன்னிப்புக் கேட்கத்தான் சொன்னாள். வேலை போகும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை.

முதலாளியே பெட்டியை இணைத்துக் கொடுத்தார். "பக்கத்துல ஆஸ்பத்திரி மேடம், சத்தம் கொஞ்சம் கம்மியாவே வச்சுக்குங்க."

நாலு சுரம் வாசித்தாள். நன்றாகத்தான் இருந்தது. உண்மையில் அவள் காது பெட்டியில் இல்லை. அந்த இரண்டு பேர் சிரித்த சிரிப்பிலேயே நின்றுவிட்டது.

"இதையே ஏத்துங்க" என்றாள்.

வெள்ளிக்கிழமை மேடையில் முதல் பாட்டு. பல்லவி முடிந்து சத்தத்தை முழுசாக ஏற்றி, கிட்டாரின் தடித்த அடித்தந்தியைத் தட்டினாள்.

டர்ர்ர்!

கிழிந்த முறத்தைத் தட்டிய மாதிரி. முன்வரிசை மொத்தமும் சிரித்தது. காது சுட்டது அவளுக்கு. ஆனால் இறங்கவில்லை. வயரைப் பிடுங்கி, கீபோர்டுக்காரரின் பெட்டியில் செருகி, ஒண்டுக்குடித்தனமாக மீதிக் கச்சேரியை வாசித்து முடித்தாள்.

மறுநாள் காலை பெட்டியைத் திறந்து பார்த்தால், ஸ்பீக்கர் எப்போதோ கிழிந்துபோனது. கிழிசலில் காகிதம் வைத்து ஒட்டி, மேலே கறுப்பு மை பூசியிருந்தது.

வேனில் ஏற்றிக்கொண்டு நேராகக் கடைக்கு வந்தாள்.

முதலாளி வாயில் இப்போது மேடம் இல்லை. "ஆம்பளைங்க வாசிக்கிற வாத்தியத்தைப் பொம்பளை எடுத்தா இப்படித்தான். கண்டபடி இழுத்துக் கெடுத்துட்டு இங்க வந்து நிக்கிறியா?"

ஜெயபாரதி பெட்டியைக் கடை வாசலில் இறக்கி, ஸ்பீக்கரை மூடியிருந்த வலையைக் கழற்றி, பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

வருகிறவர் போகிறவர் எல்லாரையும் கூப்பிட்டாள். "வாங்க, பாருங்க. சிங்கப்பூர் சரக்காம். ஒட்டு எப்படி இருக்கு?"

வெயில் ஏறியது. அவள் எழுந்திருக்கவில்லை. மத்தியானத்துக்குள் மூன்று பேர் படியேறாமலே திரும்பிப் போனார்கள்.

"எழுந்திரு தாயே! வேற எது வேணுமோ எடுத்துட்டுப் போ" என்று கும்பிட்டார் முதலாளி.

இந்த முறை ஆஸ்பத்திரிப் பேச்சையெல்லாம் அவள் காதில் வாங்கவில்லை. கடையில் இருந்த பெட்டிகள் ஒவ்வொன்றிலும் சத்தத்தை முழுசாக வைத்து அடித்தந்தியைத் தட்டினாள். ஒன்று கணகணத்தது. ஒன்று இரைந்தது. கடைசியாக மூலையில் கிடந்த திருச்சிப் பெட்டி.

தும்ம்.

கடைப்பலகையைத் தாண்டி வந்து நெஞ்சில் நின்றது.

உங்க கைக்கு அது போதும் என்று பஞ்சநதம் காட்டியது இதைத்தானே!

அதை வேனில் ஏற்றிக்கொண்டு, அவர் இருக்கும் இடத்தை விசாரித்துக் கரந்தைக்குப் போனாள். ஒரு டீக்கடை ஓரமாகச் சாக்கு விரித்து, யாருடைய மிக்ஸியையோ பழுது பார்த்துக்கொண்டிருந்தார் பஞ்சநதம்.

"அந்தப் பெட்டி ஓட்டைன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமாண்ணே?"

அவர் தலை நிமிரவில்லை. "ஒட்டினதே நான்தானேம்மா. செய்யச் சொன்னாரு, செஞ்சேன்."

"எனக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? அதை விட்டுட்டு ஏண்ணே அப்படியெல்லாம் பேசினீங்க?"

பஞ்சநதம் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தார்.

"முதலாளி என் முதுகுக்குப் பின்னாடியே நின்னாரேம்மா. பார்த்தா ரோஷக்காரப் பொண்ணா தெரியுது, நாலு வார்த்தை மட்டமா பேசினா கோவிச்சுக்கிட்டு வேற கடைக்குப் போயிடும்னு நினைச்சேன். நீங்க என்னடான்னா, நின்னு ஜெயிச்சுட்டீங்க!"