பட்ட மரத்தில் கேட்ட சத்தம்

"ஏன்பா ஜாய்சன், உள்ள யாரு? பொண்ணு கிண்ணு கூட்டிட்டு வரக் கூடாதுன்னு மொதல்லயே சொன்னேன் இல்ல?"

வீட்டுக்கார சந்திரம்மா வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றார். ஜாய்சன் அவசரமாக ஹெட்போனைக் கழற்றினான்.

"யாருமில்ல ஆன்ட்டி. வேணும்னா உள்ள வந்து பாருங்க."

"அப்ப 'நானும் தனியாத்தாங்க இருக்கேன்'னு யார்கிட்ட சொல்லிட்டிருந்தே? செவுத்துகிட்டயா?"

மானம் போயிற்று ஜாய்சனுக்கு. "காட்டுல ரெக்கார்டர் மாட்டி வெச்சிருக்காங்க ஆன்ட்டி. அதுல பதிவாகிற சத்தத்தைக் கேட்டு, என்ன பறவைன்னு பேர் போடணும். அதான் என் வேலை."

"பறவைகிட்டயா பேசினே? சரியாப் போச்சு! சும்மா ரூமுக்குள்ளயே உக்காந்து தலை கெட்டுப் போச்சு உனக்கு. வெளிய போய் நாலு பேரோட பழகுப்பா."

முணுமுணுத்துக்கொண்டே அவர் படியிறங்கினார். நாலு பேருக்கு எங்கே போவது? பெங்களூரு பொம்மனஹள்ளியில் அவன் கதவைத் தட்டுவது டெலிவரிக்காரர்கள்தான். அவர்களும் ஓடிபி கேட்பார்களே தவிர, நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டார்கள். வைட்ஃபீல்ட் ஆபீஸில் இருக்கும் சுப்ரியா மேடம் அவனை வேலைக்கு எடுத்ததுகூடச் சாட்டில்தான். 'ஓகே', 'தேங்க்ஸ்' தாண்டி அந்தப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை வந்ததில்லை.

அவனிடம் மனசு விட்டுப் பேசியது ஒருத்திதான். கூடலூர்ப் பக்கத்துக் காட்டில் ரெக்கார்டருக்கு பேட்டரி மாற்ற வருகிறவள். பேர் தெரியாது. மாற்றிவிட்டுச் சும்மா போக மாட்டாள்; ஏதாவது பேசுவாள், அதுவும் பதிவாகியிருக்கும்.

"கேக்கிறவங்களுக்கு வணக்கம்! இன்னைக்கு ஒரே அட்டைங்க. காலெல்லாம் ரத்தம். நீங்க ஏசியில உக்காந்து சொகமாக் கேப்பீங்க, என்ன?" என்று சீண்டுவாள். "இங்க பேச ஆளே இல்லீங்க. அதான் இந்தப் பெட்டிகிட்டப் பேசறேன்" என்பாள். அதற்குப் பதில் சொல்லப் போய்த்தான் இன்று சந்திரம்மாவிடம் மாட்டிக்கொண்டான்.

ஹெட்போனை மாட்டி அடுத்த பதிவைத் திறந்தான். பதிவுகளில் தேதி இருக்காது, வெறும் எண்தான். அவள் குரலில் வழக்கமான குறும்பைக் காணோம்.

"கேக்கிறவங்களே, ஒரு உதவி. இந்தப் பெரிய பட்ட மரத்தை வர்ற வாரம் வெட்டப் போறாங்களாம். உச்சியில ஒரு மரங்கொத்தி பொந்து போட்டிருக்கு. எனக்கு நிழல் மாதிரிதான் தெரியுது. அபூர்வமான ஜாதின்னு பேரோட எழுதிக் குடுத்தா நிறுத்திடறேன்னு ஃபாரஸ்ட் ஆபீஸர் சொல்றாரு. பேர் எனக்குத் தெரியலீங்க. இப்ப தட்டும், கேளுங்க. சீக்கிரம் சொல்லுங்க, ப்ளீஸ்."

ஜாய்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டான்.

கனமான தட்டல். போகப் போக வேகம் பிடித்து, சட்டென்று நின்றது. ஊருக்குள் தென்னையில் பார்க்கிற பொன்முதுகு மரங்கொத்திக்கு இத்தனை பலம் கிடையாது. மாதிரிப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் போட்டு ஒப்பிட்டான். கடைசியில் அந்தப் பறவையே வாய் திறந்து ஒரு முறை கத்தியது. சந்தேகமே இல்லை. அபூர்வமான வெள்ளை வயிற்று மரங்கொத்தி! காக்கை அளவில், வயிறு தவிரப் பெரும்பாலும் கறுப்பாக இருக்கும். அடர்ந்த காட்டில் பருத்த பட்ட மரம் நின்றால்தான் அதற்குக் குடித்தனம்.

"கண்டுபிடிச்சிட்டேங்க! கவலைப்படாதீங்க, மரத்தை வெட்ட விடமாட்டேன்!" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினான்.

"மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று கீழேயிருந்து சந்திரம்மா சத்தம் போட்டார்.

சாட்டில் எழுதிக் காத்திருக்க இது நேரமில்லை. முதன்முறையாக சுப்ரியா மேடத்துக்கு ஃபோன் போட்டான். "ஹலோ" என்று கேட்டதுதான் தாமதம், கொட்டித் தீர்த்துவிட்டான்.

"மேடம், நான் ஜாய்சன். கூடலூர் ரெக்கார்டர்ல வெள்ளை வயிற்று மரங்கொத்தி இருக்கு மேடம். அது கூடு வெச்ச பட்ட மரத்தை வெட்டப் போறாங்க. நீங்க எழுதிக் குடுங்க, நான் இன்னைக்கே பஸ் ஏறி ஃபாரஸ்ட் ஆபீஸர்கிட்ட நேர்ல குடுத்துடறேன். பாவம் மேடம், அந்தப் பொண்ணு நம்மளைத்தான் நம்பிட்டிருக்கு!"

 

"வெள்ளை வயிறா?" என்று மறுமுனையில் கிணற்றுக்குள்ளிருந்து கேட்பதுபோல் ஒரு குரல் வந்தது. "நிச்சயமாத் தெரியுமா?"

"சத்தியமா மேடம்."

"அந்த மரத்தை வெட்டி ஆறு வருஷம் ஆச்சு ஜாய்சன். அந்த ரெக்கார்டரோட மெமரி கார்டுகளைக் கேக்க அப்ப ஆளே போடல. பெட்டியில போட்டு மூடி வெச்சிட்டாங்க."

"அப்ப அந்தப் பொண்ணு?"

"ரொம்ப நாள் காத்திருந்தேன். ஒருத்தரும் கூப்பிடல. அப்புறம்தான் பெங்களூருக்கு வந்து, இந்த கார்டுகளைக் கேக்க ஆள் சேர்க்கிற வேலையை நானே எடுத்துக்கிட்டேன்" என்றது அவன் காதுக்கு நன்றாகப் பழகிய அந்தக் குரல். "ஃபோன் பண்ணி பதில் சொன்ன முதல் ஆள் நீங்கதான், ஜாய்சன்."