விசில் ஊதியாச்சு, ஹியூபர்ட்

நடுவர் விசில் ஊதி, மௌன அஞ்சலி முடிந்துவிட்டது. ஆட்டக்காரர்கள் குனிந்து, புல்லில் கிடத்தியிருந்த மட்டைகளை எடுத்துக்கொண்டார்கள். ஹியூபர்ட் மட்டும் அசையவில்லை.

போச்சு, எல்லாம் போச்சு! மைதான ஓரத்தில் மியூரியல் நாற்காலியின் நுனிக்கு நகர்ந்தாள்.

மைதானத்தின் நட்டநடுவில், நவம்பர் மழையில், தொப்பியைக் கழற்றிய தலையோடு கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறான் அவள் கணவன். அயர்லாந்துக்காக ஹாக்கி ஆடியவன். கேப்டன் லேஸி என்றால் டப்ளினில் தெரியாதவர்கள் கிடையாது.

கண்ணை மட்டும் மூடிவிடாதே என்று காலையில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மற்றவர்கள் நின்றால் நில், ஓடினால் ஓடு, ஒருத்தருக்கும் தெரியாது. சொன்னதற்கெல்லாம் சமர்த்தாகத் தலையாட்டினான், பாவி.

போர்முனையிலிருந்து வந்த பிறகு அவனுக்கு விசில் சத்தம் கேட்பதில்லை.

பேச்சு கேட்கும். மழை கேட்கும். ரயில் நிலையத்தில் கார்டு ஊதினால் மட்டும் மரம் மாதிரி நிற்பான். வண்டி போயே போய்விடும். குண்டுச் சத்தத்தில் காது கெட்டவர்களுக்கு முதலில் கீச்சுச் சத்தம்தான் போகும் என்று அவளுடைய டாக்டர் அண்ணன் சொன்னான். அதைப் பற்றி அவள் வெளியே மூச்சுவிடவில்லை.

செவிடனை எந்தப் பட்டாளம் வைத்துக்கொள்ளும்? ஹாக்கியையும் பட்டாளத்தையும் விட்டால் அவனுக்கு வேறு என்ன தெரியும்? ஒரு முட்டை வேக வைக்கத் தெரியாது.

முடிவு செய்ய வேண்டியவரோ பக்கத்து நாற்காலியில் முழங்காலுக்குக் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்தார். கர்னல் போவன். ஆள் தேறிவிட்டானா என்று பார்ப்பதற்கென்றே வந்திருந்தார்.

ஓடிப்போய்த் தோளைத் தொடலாம். தொட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும். தொடாவிட்டால் இருட்டும்வரை அப்படியே நிற்பான். அவள்தான் என்ன செய்வாள்?

முதலில் கோல் காவலன்தான் மட்டையை மறுபடி கீழே வைத்தான். அப்புறம் ஒவ்வொருவராக வைத்தார்கள். கழற்றிய தொப்பிகளைத் திரும்ப மாட்டியவர்கள் மீண்டும் கழற்றினார்கள். நடுவர் விசிலைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

அஞ்சலி, பழைய டீமுக்கு. கேப்டன் பட்டாளத்துக்குப் போகிறான் என்றதும் கூண்டோடு அவன் படைப்பிரிவிலேயே போய்ச் சேர்ந்த பிள்ளைகள். திரும்பி வந்தது ஹியூபர்ட் ஒருவன்தான்.

கர்னல் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார்.

“பாத்தியாம்மா உன் வீட்டுக்காரனை! நமக்கெல்லாம் ரெண்டு நிமிஷத்துல துக்கம் தீந்துபோச்சு. மனுஷன்னா இவன்தான். திங்கக்கிழமையே பட்டாளத்துல புதுசா சேந்த பசங்களை இவன் கையில ஒப்படைச்சுடறேன்.”

அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. தெய்வம்தான் காப்பாற்றியது. ஆனால் அவன் இன்னும் நின்றுகொண்டிருந்தான். முகத்தில் வழிந்த மழையைக்கூடத் துடைக்கவில்லை.

அதற்கு மேல் அவளால் தாங்க முடியவில்லை. குதிகால் சேற்றில் புதையப் புதைய, மைதானத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டி நடந்தாள். யார் என்ன நினைத்தால் என்ன.

அவன் கையைப் பிடித்தாள். சில்லிட்டுக் கிடந்தது. அவன் கண்ணைத் திறந்ததும், மற்றவர்களுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்.

“விசில் ஊதியாச்சு, ஹியூபர்ட்.”

“கேட்டுச்சு,” என்றான்.

அவளுக்குப் புரியவில்லை.

“எப்பவுமே கேக்கும், மியூரியல். காது போச்சுன்னு நீயா நினைச்சுக்கிட்ட. எனக்கும் அது சௌகரியமா இருந்துச்சு.”

அவன் பார்வை, கிளப்புச் சட்டை போட்டு வரிசையாக நின்ற புதுப் பையன்கள் மேல் போயிற்று.

“அங்க பதுங்குகுழியில, மேல ஏறிப் பாயுங்கன்னு நான்தான் விசில் ஊதுவேன். அன்னிக்கு ஊதினதும் ஒருத்தன் பாக்கியில்லாம ஏறி ஓடினாங்க. இங்க ஓடுவாங்களே, அதே மாதிரி.”

பின்னால் கர்னல் சேற்றை மிதித்துக்கொண்டு, குலுக்குவதற்குக் கையை நீட்டியபடி வந்துகொண்டிருந்தார். முகமெல்லாம் பூரிப்பு.

மியூரியல் கணவனின் கையை விடாமலே அவர் பக்கம் திரும்பினாள்.

“மன்னிக்கணும் கர்னல், உங்ககிட்ட மறைச்சுட்டேன். இவருக்குக் காது கேக்காது.”