அம்மாவுக்குத் தடை

“எங்கம்மாவ இனிமே கேசினோ வாசல்லயே தடுத்துடுங்க மேடம். உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன்” என்றான் போ செங்.

ஹுய் மின் உருகிப்போனாள். சிங்கப்பூரில் குடும்பத்தார் மனுக் கொடுத்தால் ஒருத்தரை கேசினோவுக்குள் விடாமல் தடை போடலாம். அந்த மனுக்களை விசாரிப்பதுதான் அவள் வேலை. அப்பனுக்குத் தடை கேட்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறாள். அறுபத்தெட்டு வயசு அம்மாவுக்கு? இதுதான் முதல் தடவை.

“எத்தனை தடவை போயிருக்காங்க?”

“இந்த மாசம் மட்டும் எட்டு. உள்ள நுழையவே நூத்தம்பது வெள்ளி கட்டணும்! காப்பிக்கடையில தட்டு கழுவுன காசு மேடம். நெஞ்சு வெடிக்குது.”

என்ன பிள்ளை! இப்படி ஒருத்தன் தன் வயிற்றில் பிறக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

பக்கத்து நாற்காலியில் அவன் அம்மா மேடம் குவெக் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தப்பு செய்தவர்கள் அப்படித்தானே உட்காருவார்கள்.

ஹுய் மின் கேள்வித்தாளை எடுத்தாள். சூதாட்ட நோய் எவ்வளவு முற்றியிருக்கிறது என்று அதில் டிக் போட்டே கண்டுபிடித்துவிடலாமாம்.

“ஆன்ட்டி, உள்ள போய் என்ன ஆட்டம் ஆடுவீங்க?”

“எனக்கு எதுவும் ஆடத் தெரியாதும்மா.”

நோயாளிகள் முதலில் மறுப்பார்கள் என்று பயிற்சியில் சொல்லியிருந்தார்கள். ஒரு டிக்.

“வெளிய வந்ததும் மனசுக்கு எப்படி இருக்கும்?”

“மனசா? காலுதான் வலிக்கும். நின்னுக்கிட்டே இருக்கேன்ல.”

உட்காரக்கூடத் தோன்றாத வெறி. இன்னொரு டிக்.

“தூக்கம் வருதா?”

“எங்கம்மா வருது?”

டிக்.

“வெட்கப்படாதீங்க. மனசு விட்டுப் பேச ஒரு ஆலோசகர ஏற்பாடு பண்றோம்.”

மேடம் குவெக் முதல்முறையாக நிமிர்ந்தாள். “என் மகனும் கூட உட்காரலாமா?”

ஐயோ பாவம், பயப்படுகிறாள் என்று ஹுய் மின் அதற்கும் ஒரு டிக் போட்டாள்.

“பார்த்தீங்களா மேடம்?” போ செங் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “சனிக்கிழமைக்குள்ள தடை வந்துடணும். ப்ளீஸ்.”

ஹுய் மின் பேனாவைத் திறந்தாள். “கையெழுத்துப் போடப்போறேன் ஆன்ட்டி. ஏதாவது சொல்லணுமா?”

மேடம் குவெக் மகன் பக்கம் திரும்பினாள். அவன் தோளில் கை வைத்தாள். “வேணாம்டா.”

தேள் கொட்டின மாதிரி துள்ளி எழுந்தான் போ செங்.

“தோள்ல தொடாதன்னு எத்தனை தடவ சொல்றது! தொட்டா ராசி போயிடும்னு தெரிஞ்சுதானே ஒவ்வொரு தடவையும் பின்னாடியே வந்து கை வைக்கிற? போன வாரம் நல்லா ஜெயிச்சுக்கிட்டு இருந்தேன், மேசைய விட்டே எழுப்பிட்ட! இனிமே நீ எப்படி உள்ள வர்றேன்னு...”

சட்டென்று வாயை மூடிக்கொண்டான். மூடி என்ன பிரயோஜனம்?

ஹுய் மின் முகம் சிவந்துவிட்டது. மனுவையும் கேள்வித்தாளையும் சேர்த்து வைத்துக் கிழித்தாள்.

“ஏன் ஆன்ட்டி, நீங்க ஒரு மனுக் குடுத்திருந்தா உங்க மகனுக்கே தடை போட்டிருப்போமே?”

“போட்டா சூதாட்டக் கப்பல்ல ஏறிப் போயிடுவான்மா” என்றாள் மேடம் குவெக். “எனக்கு நீச்சல் தெரியாது.”