பேர் தெரியாத பாவி

"எவனோ வயித்தெரிச்சல் புடிச்சவன் மேடம். என் கட்டுரையக் கிழிச்சுத் தொங்க விட்டிருக்கான்," என்றார் ஆதவன்.

வேங்கிக்கால் பக்கத்துக் கல்லூரியில் சமூகவியல் உதவிப் பேராசிரியர் அவர். ஆய்விதழில் இன்னும் ஒரே ஒரு கட்டுரை வந்துவிட்டால் பதவி உயர்வு. அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதைக் கடைக்காரர்களைப் பற்றி எழுதி அனுப்பியிருந்தார். அதுதான் திரும்பி வந்துவிட்டது.

இந்த இதழ்களில் ஒரு வழக்கம். எழுதியது யார் என்று மதிப்பிடுபவருக்குச் சொல்ல மாட்டார்கள். மதிப்பிட்டது யார் என்று எழுதியவருக்கும் சொல்ல மாட்டார்கள். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் ஆதவன் எல்லோரையும் திட்டினார்.

பக்கத்து நாற்காலி வினோதினிக்கும் அதே பாடம்தான். டீ வாங்கிக் கொடுத்து, அப்படி என்னதான் எழுதியிருக்கு என்று கேட்டார்.

"'பௌர்ணமிக்கு மட்டும் போய் எட்டிப் பார்த்தால் அது ஆய்வு ஆகாது, மற்ற நாளும் போகவும்'னு எழுதியிருக்கான். திமிரப் பாருங்க."

திமிர் கொஞ்சம் ஜாஸ்திதான் என்று வினோதினியும் ஒத்துக்கொண்டார். பாவி வெளங்குவானா என்று தன் பங்குக்கு ஒரு சாபமும் விட்டார். அப்புறம், எதுக்கும் ஒரு நடை போய்ட்டு வந்துடுங்களேன் என்றார்.

ஆதவன் வேண்டாவெறுப்பாகப் போனார். பௌர்ணமியில் இளநீர் வெட்டும் பெண்கள் மற்ற நாளெல்லாம் கட்டட வேலையில் சித்தாளாக இருப்பது அப்போதுதான் தெரிந்தது. திருத்தி எழுதியதும் கட்டுரைக்கே உயிர் வந்துவிட்டது. அச்சில் வந்தது. பதவி உயர்வும் வந்தது.

ஆள் பெரிய ஆளாகிவிட்டாரே! அதே இதழ் இப்போது அவரிடமே ஒரு கட்டுரையை மதிப்பிட அனுப்பியது. ரமணாசிரமம் பக்கத்து வாடகை வீடுகளைப் பற்றியது. வழக்கம்போல் எழுதியவர் பேர் இல்லை.

முழுக்கப் படிக்க யாருக்கு நேரம்? தனக்கு வந்த திட்டையே எடுத்து அப்படியே ஒட்டி அனுப்பினார். நாம பட்டத இன்னொருத்தனும் படட்டுமே என்று நிம்மதியாகச் சாப்பிடப் போனார்.

அடுத்த வாரம் வினோதினி முகமே சரியில்லை. பதவி உயர்வுக்கு நம்பியிருந்த கட்டுரை திரும்பிவிட்டதாம்.

இந்த முறை ஆதவன் டீ வாங்கி வந்தார். "யாரு மேடம் அந்தப் பாவி?"

வினோதினி நிதானமாக ஒரு வாய் குடித்தார்.

"வாடகை வீட்டப் பத்தி எழுதினா, பௌர்ணமிக்கு மட்டும் போனா ஆகாதுன்னு வந்திருக்கு. உங்களுக்கு நான் எழுதினதக் காப்பி அடிக்கும்போது, அந்தப் பௌர்ணமியையாவது தூக்கியிருக்கக் கூடாதா சார்?"